அவனுக்காக நான் வெட்டிய வீடியோ

டீக்கடையில் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்துக்கொண்டு அவனுடைய மேட்ச் பார்ப்பேன். ஐரோப்பாவின் கிழக்குக் கோடியில் ஒரு சின்ன நாட்டு கூடைப்பந்து லீக். அங்கே மதிய ஆட்டம் என்றால் இங்கே பழங்காநத்தத்தில் வடை போடும் நேரம். பள்ளியிலிருந்து கல்லூரி வரை என்னோடு ஒரே அணியில் ஆடியவன், அங்கே தோளில் வெள்ளைத் துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

"என்ன தம்பி, உங்காளு இன்னைக்காச்சும் எறங்குவானா?" என்பார் கடைக்காரர்.

"கோச் கூப்பிடணும்ண்ணே."

"உக்காந்திருக்கவா அம்புட்டு தூரம் போனான்? நம்ம பஸ் ஸ்டாப்புல எடமா இல்ல?"

கடையே சிரிக்கும். எல்லோரையும்விட நான் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பேன். உடனே கேமரா அந்த அரங்கத்தைச் சுற்றிக் காட்டும். பளபளக்கிற மரத்தளம். நான் ஆடுவது சிமெண்ட் தரை, தூறல் விழுந்தாலே வழுக்கும். சிரிப்பு நின்று வயிறு எரியத் தொடங்கும். அவன் மேல் மட்டுமா? அவன் உட்கார்ந்திருந்த பெஞ்ச் மேலேயே எனக்குப் பொறாமை.

அவன் என்னைவிட ஒரு தலை உயரம், அவ்வளவுதான். பந்தைத் தட்டிக்கொண்டு வருவது நான். யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவெடுப்பது நான். கூடைக்கடியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது அவன். ஏஜெண்ட் ஒருவர் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தபோது இருவருக்கும் கை கொடுத்தார். நம்பர் வாங்கியது அவனிடம்.

அவன் கிளம்பிய வாரம் பிளக்ஸ் வைத்தோம். எங்கள் பக்கம் காதுகுத்துக்கே பிளக்ஸ் வைப்பார்கள், ஐரோப்பாவுக்கு வைக்காமல் இருப்பார்களா? இன்னும் ஒரு நிமிடம்கூட அங்கே ஆடாதவனை, பின்னால் தீ எரிய, "ஐரோப்பாவைக் கலக்கும் மதுரையின் சிங்கமே" என்று நிறுத்தினோம். கீழே வரிசையாக எங்கள் முகங்கள்.

கலக்கத்தான் அவனால் முடியவில்லை. ஓர் அணியில் இத்தனை வெளிநாட்டுக்காரர்தான் என்று அங்கே வரம்பு உண்டு. அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவன் உள்ளூர்க்காரனைவிட நிறைய பாயிண்ட் எடுக்க வேண்டும். இல்லையென்றால் பெஞ்ச். அதற்கடுத்தது விமான டிக்கெட்.

சீசன் முடியும் சமயத்தில் போன் வந்தது.

"மாப்ள, இவய்ங்க என்னைய வச்சுக்க மாட்டாய்ங்கடா. வேற கிளப் கெடைக்கலேன்னா ஊருக்குத்தான் வரணும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரது? எங்கப்பா அந்த பிளக்ஸ மொட்டமாடில கூரையாக் கட்டிருக்காரு. தெனமும் எங்கம்மா அதுக்குக் கீழதான் துணி காயப்போடுது."

மற்ற கிளப்புகளுக்கு அனுப்ப ஒரு வீடியோ வேண்டுமாம். அங்கே ஆடியிருந்தால்தானே காட்ட? பழைய கல்லூரி மேட்ச்சுகள் என் லேப்டாப்பில் இருந்தன. இப்போது நாகமலை புதுக்கோட்டையில் முதுகலை படிக்கிறேன். வகுப்பைக் கட் அடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து வெட்டி ஒட்டினேன். அவன் போட்ட கூடைகளில் முக்கால்வாசி என் பாஸிலிருந்துதான் ஆரம்பித்தது. இருவருக்கு நடுவே, முதுகுக்குப் பின்னால், தரையில் ஒரு தட்டுத் தட்டி என்று எல்லாவற்றையும் விட்டுவைத்தேன். யாராவது ஒரு கோச் "அந்தக் குட்டைப் பையன் யார்?" என்று கேட்க மாட்டாரா?

அவன்தான் கூப்பிட்டான். "சூப்பர்டா. ஆனா ஏஜெண்ட் என்ன சொல்றாருன்னா, பாக்குறவய்ங்களுக்குப் பொறுமையே இருக்காதாம். பந்து என் கைக்கு வந்ததுல இருந்து ஆரம்பிக்கணுமாம்."

"அப்ப என்னைய வெட்டணும்."

"ஒன்னைய யார்றா வெட்டச் சொன்னா? பாஸத்தான்."

வெட்டினேன். அவன் திரும்பி வந்தால் எங்கள் தரையிலிருந்து போகிறவன் எவனும் தேற மாட்டான் என்றாகிவிடும். அந்த 'எவனும்' என்பதில் நானும் இருந்தேன். புது வீடியோவில் பந்து வானத்திலிருந்து விழுந்ததுபோல் அவன் கைக்கு வந்தது.

அங்கேயே பக்கத்து நாட்டில் ஒரு கிளப் அவனை எடுத்துக்கொண்டது.

"ரெண்டாம் டிவிஷன்தான?" என் வாய் முந்திக்கொண்டது.

"ஆமாடா. ஆனா ஆட விடுவாய்ங்க."

விட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே இறங்கினான். கூடைக்கடியில் அதே இடம், அதே தூக்கிய கை. பந்து என் உயரமே உள்ள ஓர் உள்ளூர்ப் பையனிடம் இருந்தது. அவன் இவனைப் பார்க்கவே இல்லை.

"குடுறா! அங்கதான நிக்கிறான், கண்ணு தெரியல?" என்று கத்திவிட்டேன்.

"யாரத் தம்பி வையிற?" என்றார் கடைக்காரர், கரண்டியோடு.

ஒருவழியாக அந்தப் பையன் தூக்கிப் போட்டான். கொஞ்சம் தாமதம், கொஞ்சம் உயரம், ஆனாலும் இவன் எட்டிப் பிடித்துக் கூடைக்குள் தள்ளினான். அரங்கம் கைதட்டியது. தள்ளியவன் ஓடிப்போய்க் கொடுத்தவனைக் கட்டிக்கொண்டான். இத்தனை மாதமும் நான் தப்பான ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அந்தக் குட்டைப் பையனின் பெயர் திரையில் வருகிறதா என்று போனைக் கண்ணருகே கொண்டுபோனேன்.