அழுவார், மறுத்துப் பேச மாட்டார்

காது என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது, என் தங்கை வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு மத்தியானம். "பெரியவங்க பேசுறப்ப அந்தக் காதை வெளியே அனுப்புங்க" என்று என் தம்பி கத்தினான். யாரைச் சொல்கிறான் என்று பார்த்தால், நான் படுத்திருந்த கட்டிலுக்கு அடியிலிருந்து தங்கையின் இரண்டாவது மகள் தவழ்ந்து வெளியே வந்தாள். நாலு வயது. நாங்கள் பேசியதை எல்லாம் அன்று மாலையே தன் அப்பாவிடம், மாமன் குரலிலேயே ஒப்பித்தாள். தம்பிக்கும் தங்கை வீட்டுக்காரருக்கும் ஆறு மாதம் பேச்சில்லாமல் போனது. பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் காதை வைத்துத்தான் அவள் பிழைத்தாள். நோயாளிகளுக்குக் கட்டிலும் மூச்சு மெஷினும் வாடகைக்கு விடும் கம்பெனியில் ஒன்பது வருஷம் போன் பேசும் வேலை. யார் எடுத்தார்கள், எப்போது திருப்பினார்கள் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு பதிவேட்டில் இருக்கும், சிஆர்எம் என்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. மற்றவர்கள் அதில் "பேசியாச்சு" என்று போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். இவள் உட்கார்ந்து எழுதுவாள். மதியம் கூப்பிட வேண்டாம், அப்போதுதான் கண் அசருவார். மருமகளிடம் சொன்னால் போய்ச் சேராது, மகனிடம் சொல்லவும். அடுத்துப் பேசுகிறவர் அந்த மனிதர்களை நோகடித்துவிடக் கூடாதே என்று எழுதியவை அவை. என் வீட்டுக்காரர் கடைசி ஐந்து மாதம் படுத்த கட்டிலும் அங்கிருந்துதான் வந்தது.

போன வருஷம் புது மேனேஜர் வந்தான். அவனுக்கு முன்னால் அவன் சென்ட் வாசம் வந்துவிடும் என்பதால் ஆபீசில் அவன் பெயரே சென்ட்டு. அவன் வந்த கையோடு பதிவேட்டுக்குள் ஒரு ஏஐ உதவியாளரைச் சேர்த்தார்கள். முன்பெல்லாம் ஒரு பட்டியல் வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகச் சலித்து எக்செல் தாளில் ஏற்ற அரை நாள் போகும். இப்போது ஆளிடம் சொல்வதுபோல எழுதினால் போதும்.

"ஆள் இறந்துபோய், இந்த மூணு மாசத்துல சாமானைத் திருப்பினவங்களை மட்டும் எடு. குறிப்பையும் சுருக்கி ஒரு கட்டத்துல போடச் சொல்லு" என்றான் சென்ட்டு இவளிடம்.

"எதுக்கு சார்?"

"ஆறுதலா நாலு வார்த்தை பேசத்தான்."

நம்பினாள். அப்படியே எழுதினாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து வைப்பதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் தாளில் வந்து நின்றார்கள். பெயர் சரி, தேதி சரி, போன் நம்பர் சரி. சுருக்கக் கட்டம் வலது கோடியில், திரைக்கு வெளியே இருந்தது. அதை இழுத்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் எனக்குப் போன் வந்தது. தேன் ஒழுகும் குரல், கட்டில் கொடுத்த கம்பெனியிலிருந்தாம். "அம்மா, தனியாத்தான் இருக்கீங்களாமே. குளியலறையில விழுந்தா யாரு பார்ப்பா?" கையில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டுமாம், விழுந்தால் அதுவே ஆளைக் கூப்பிடுமாம். நான் வேண்டாம் என்று வாய் திறப்பதற்குள், போய் மூன்று மாதம்கூட ஆகாத என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் காத்திருந்தான். நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, "அப்ப நாளைக்கு ஆள் அனுப்பட்டுமா?" என்றான். பட்டென்று வைத்துவிட்டேன். போனைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் மறுபடி தொட்டேன்.

காதைக் கூப்பிட்டேன். "ஏன்டி, நான் அழறது உன்னைத் தவிர எவளுக்குடி தெரியும்?"

"பெரியம்மா, ஒரு நிமிஷம்." ஏதோ தட்டும் சத்தம். அனுப்பின தாளைத் திறந்து வலது கோடிக்கு இழுத்திருக்கிறாள்.

"என்னடி எழுதியிருக்கு? படி."

"தனியாக இருக்கிறார். கணவர் பெயரைச் சொன்னால் அழுவார். மறுத்துப் பேச மாட்டார்."

"நானா? நானா மறுத்துப் பேச மாட்டேன்?"

"பெரியப்பா பேரைச் சொல்லாதீங்க, அழுவாங்க, அப்புறம் மறுத்துப் பேசக்கூட முடியாதுன்னுதான் எழுதினேன் பெரியம்மா. சுருக்கினதுல அந்தச் சொல்லாதீங்க மட்டும் போயிடுச்சு."

அவள் சென்ட்டிடம் போனாள். அவன் பல் குத்திக்கொண்டே சொன்னான்: "பிரமாதம்! முதல் நாளே அறுபது பேர் சரின்னுட்டாங்க. மூணு மாசம் பத்தாது, ஒன்பது வருஷத்தையும் எடு. அடுத்த மாசம் நீதான் சூப்பர்வைசர்."

"அவங்க துக்கத்துல இருக்காங்க சார்."

"அதனாலதானே வாங்குறாங்க. துக்கம் ஆறிட்டா வாங்குவாங்களா?" குத்தி எடுத்ததை ஒரு முறை பார்த்துவிட்டு மேஜை விளிம்பில் தேய்த்தான்.

"நான் எடுக்க மாட்டேன் சார்."

"நீ எதுக்கு? நாளைக்குக் காலைல நானே ரெண்டு வரி எழுதினா வந்துட்டுப் போகுது."

அது உண்மைதான். பட்டியல் எடுக்க அவள் வேண்டியதில்லை. அவள் எழுதி வைத்ததே போதும். இடத்தில் வந்து உட்கார்ந்து, அந்த ஏஐயிடம் தான் எழுதிய குறிப்புகளை மட்டும் எடுக்கச் சொன்னாள். ஆறாயிரத்துக்கு மேல் இருந்தன. பெயரும் நம்பரும் இருக்கட்டும், குறிப்புகளை அழி என்றாள். அழித்தால் திரும்ப எடுக்க முடியாது, உறுதிதானா என்று அது கேட்டது. "அந்தச் சென்ட்டுக்கு இல்லாத கூச்சம் அதுக்கு இருந்துச்சு பெரியம்மா" என்றாள் என்னிடம். அன்று படுக்கையில் கிடந்தவர்களின் குறிப்புகளும் அதில் இருந்தன. இனி பேசுகிறவன் அவர்களை நேரங்கெட்ட நேரத்தில் எழுப்புவான். அதை நினைத்துக் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாளாம். பிறகு, ஆம் என்று தட்டினாள்.

மறுநாள் பத்து மணிக்குள் அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். முன்பே அனுப்பிவிட்ட நானூற்றுப் பன்னிரண்டு பேரின் தாளைத் திரும்பப் பிடிக்க வழியில்லை. எனக்கு இன்னும் அந்தத் தேன் குரல் வருகிறது. எடுத்ததும் நான் வைகிற வசவை எழுதினால் தாள் நாறும்.

வீட்டிலாவது விட்டார்களா? "சூப்பர்வைசர் ஆகப் போனவ, கொட்டிக் கவுத்துட்டு வந்து நிக்கிறா. இந்த யோக்கியம் யாருக்கு வேணும்?" என்றான் என் தம்பி. சொல்லும்போது அவன் கையை ஆட்டினான். மணிக்கட்டில் அந்தப் பட்டை. அதே கம்பெனிக் கட்டிலில் கிடந்த அவன் மாமியார் போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பட்டியலில் அவனும் இருந்திருக்கிறான்.

"யாருடா தலையில கட்டினது?"

"நல்ல பையன்கா. ரொம்ப அன்பா பேசினான்."

தங்கை வீட்டுக்காரர், எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதானே என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

காது நாலு மாதம் வேலை தேடினாள். இப்போது ஒரு கண் ஆஸ்பத்திரியின் முன் மேஜையில், வருகிறவர்களின் பெயரும் வயதும் மட்டும் கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கிறாள்.