அரைத் தாங்கித் தண்ணீர்

ஹயாத்து முகம்மது வேன் ஓட்டுவது மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி என்று புத்தளத்துக் கரைத்தீவில் ஒரு பேச்சு உண்டு. காலையில் டீச்சர்மாரை ஏற்றிப் போகும் அதே பழைய வேனின் பின்னால், பகலில் தண்ணீர்த் தாங்கி பூட்டிய ட்ரெயிலரைக் கொளுவிக்கொண்டு வீடு வீடாகப் போவார். அந்தக் கரையில் கிணறெல்லாம் உவர். குடிக்கிற தண்ணீர் தூரத்திலிருந்து வர வேண்டும். அது இவருக்குப் பின்னால், இவருடைய வேகத்தில்தான் வரும்.

வேகம் அவருக்கு ஒத்துவராது. தாங்கிக்குள் தண்ணீர் புரளுகிற சத்தம் காதில் விழுந்துவிட்டால் மனுசன் வேறெங்கோ போய்விடுவார். கடல்நீர் ஏறி நிற்கிற களப்பு ஒரு பக்கம் வெள்ளித் தகடு மாதிரிக் கிடக்கும். வெயிலில் ரோட்டும் களப்பும் ஒன்றாகிப் போகும். ரோட்டில் போகிறோமா, தோணியில் போகிறோமா என்று அவருக்கே சில நேரம் தெரியாது. வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டில், மன்னாரை விட்டு வந்தபோது அவர் சின்னப் பிள்ளை. தோணியில் உம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு கேட்டதும் இதே மாதிரி ஒரு சத்தம்தான்.

வந்த புதிதில் அகதி முகாமில் கேனோடு வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தவர். ஒருநாள் கேன் கைதவறிக் கவிழ்ந்தது. வரிசையில் நின்ற ஒருவரும் ஏசவில்லை. எல்லாரும் நனைந்த மணலைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த ஈர மண் இன்றைக்கும் அவர் கனவில் வருகிறது. அதனால் எந்த வீடு பூட்டிக் கிடந்தாலும் மிஞ்சின தண்ணீரைத் தரையில் விட மாட்டார். அரைத் தாங்கியோ கால் தாங்கியோ, அப்படியே இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

கமறியாவோடு வந்த சிக்கலும் இதில்தான். கமறியா அவர் மனைவி. முந்தியெல்லாம் அவருக்குப் பக்கத்தில் இடது சீட்டில் இருந்துகொண்டு, பின்னால் ஆடுகிற தாங்கியைக் கண்ணாடியில் பார்த்தபடி வருவாள். முந்தின வருசம், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்த காலம். அரைத் தாங்கித் தண்ணீரோடு திரும்பும்போது ட்ரெயிலர் வாலை ஆட்டத் தொடங்கியது. இவர் பயந்துபோய் பிரேக்கை ஓங்கி மிதித்தார். மிதித்ததும் பின்னால் வந்த பாரம் முன்னால் பாய்ந்து, வேனைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்ச் சேற்றுக்குள் விட்டது. ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சேலையில் ஒட்டின சேற்றைத் தட்டிவிட்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

"காத்தில்ல. அரைவாசித் தண்ணிதான் புரண்டு தள்ளினது."

"காத்துதான்" என்றார் இவர்.

அதற்குப் பிறகு அவள் அந்த சீட்டில் ஏறவில்லை. சண்டையும் இல்லை, கோபமும் இல்லை. சோறு போடுவாள், சிரிப்பாள், கதைப்பாள். புத்தளம் போவதென்றால் மட்டும் பஸ். ரோட்டில் இவருடைய வேனைப் பின்னால் வந்த பஸ் முந்திப் போகும். ஜன்னலோரத்தில் அவள் தலை தெரியும். முகம் களப்புப் பக்கம் திரும்பியிருக்கும். வேனின் இடது சீட்டில் தண்ணீர்க் குழாய் சுருண்டு கிடக்கும். வீட்டில் இத்தனை பேச்சு, ரோட்டில் மட்டும் நாம் அன்னியமா என்று அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். இன்னொரு தரம் அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு போக வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அதை வாய் திறந்து கேட்கத்தான் வரவில்லை.

இந்த வருசமும் சோளகம் பிறந்தது. ஒரு பகல், வாடிக்கைக்காரர் அபூசாலி வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய அரைத் தாங்கியோடு வந்துகொண்டிருந்தார். தூரத்தில் கானல். அந்தக் கானலுக்கு மேலே ஒரு பஸ் தண்ணீரில் மிதக்கிறது மாதிரி அசையாமல் நின்றது. பக்கத்தில் ஒரு குடை. கிட்டப் போகப் போகக் குடைக்குக் கீழே கமறியாவின் முகம் தெளிந்தது. முதலில் கனவு என்றே நினைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் காற்று பக்கவாட்டில் அடித்தது. தாங்கிக்குள் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் சாய்ந்து, ட்ரெயிலர் வாலை ஆட்டியது. இந்தத் தரம் அவர் பிரேக்கைத் தொடவில்லை. அக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் மெல்ல எடுத்தார். ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டார். வேகம் தானாக இறங்க, வாலும் தானாக அடங்கியது. பஸ்ஸுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

பஸ் பழுது. புத்தளத்திலிருந்து ஆள் வந்தால்தான் எழும்பும் என்றான் கொண்டக்டர் ஸப்வான். கமறியா, புத்தளம் தாண்டிக் கனமூலையில் இருக்கிற தங்கச்சி கமீலாவைப் பார்க்கப் புறப்பட்டவள். கையில் தங்கச்சிக்குச் செய்த இனிப்பு, வட்டலப்பச் சட்டி.

"ராத்தா, மாப்புள வந்திரிக்கார், ஏறிப் போங்களன்" என்றான் ஸப்வான். "பெருநாளைக்கு முந்திப் போய்ச் சேருவீங்க."

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். கமறியா சிரிக்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு ட்ரெயிலர் பக்கம் போய்த் தாங்கியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். மேலே வெறும் சத்தம் வந்தது, நடுவில் மாறியது.

"அரைவாசி."

"ஓம்."

"நீங்க போங்க. நான் பஸ்ஸுல வாறன்."

ஹயாத்து முகம்மதுவுக்குக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இன்றைக்கு வாலை ஆட்டினது தண்ணீர்தான் என்று அவருக்கே தெரியும். இடது சீட்டில் கிடந்த குழாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ரோட்டுக்குக் கீழே இருந்த மீன்வாடிப் பக்கம் நடந்தார். அங்கே சுல்பா என்ற பெண் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். காசு வேணாம், தண்ணி சும்மாதான், சட்டி ஏனம் எல்லாம் கொண்டு வாங்க என்றார். அவள் நம்பாமல் கமறியாவைப் பார்த்தாள். கமறியா இவரைப் பார்த்தாள்.

அபூசாலிக்குப் போன் எடுத்துச் சொன்னார். அபூசாலி கத்துவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தார்.

"எனக்கு வந்த தண்ணிய எவனுக்கு வார்க்கிற?"

"கமறியா வேன்ல ஏறணும் மச்சான்."

"அப்ப வார்த்து விடு" என்றார் அபூசாலி. "நாளைக்கு விடிய முந்தி எனக்கு முழுசா வரணும், விளங்கிச்சா?"

பிளாஸ்டிக் பீப்பா, குடம், சட்டி, ஐஸ் பெட்டி என்று வாடியில் இருந்த எல்லாம் நிரம்பின. பஸ்ஸில் வந்தவர்கள் போத்தல்களை நீட்டினார்கள். அசர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. ஆண்கள் வரிசையாகக் குந்தியிருந்து கைகால் முகம் கழுவி ஒழு எடுக்க, கமறியா குழாயை வாங்கிப் பிடித்தாள். நூல் மாதிரித் தண்ணீர் விட்டாள். கைகளிலிருந்து வழிந்த நீர் வெயிலில் மின்னி மின்னி மணலுக்குள் போனது. ஹயாத்து முகம்மது அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சு பதறவில்லை. எல்லாம் தூரத்தில், யாருக்கோ நடக்கிறது மாதிரி மெதுவாக நடந்தது.

குழாய் கடைசியாக ஒரு தரம் இருமி நின்றது. கமறியா மறுபடி தாங்கியைத் தட்டினாள். மேலிருந்து கீழ்வரை ஒரே வெறும் சத்தம். குனிந்து கொக்கியைப் பார்த்தாள். பூட்டு ஊசி முழுசாக இறங்கியிருக்கிறதா என்று விரலால் அமத்தினாள். கீழே குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலிகளையும் செருப்புக் காலால் தள்ளிப் பார்த்தாள். பிறகு சுற்றிவந்து, இடது கதவைத் திறந்து ஏறி, வட்டலப்பச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெல்லப் போங்க."

"எனக்கு வேற மாதிரி ஓடத் தெரியாதே."

வேன் நகர்ந்தது. ஒரு கையால் கதவுப் பிடியை இறுக்கியிருந்தாள். திறந்த வெளியில் காற்று அறைந்தது. வெறும் தாங்கி கடகடவென்றது, ஆனால் தள்ளவில்லை. உப்பளம் வந்தது. உப்புக் குவியல்கள் வெள்ளைக் கூடாரங்கள் மாதிரி ஒவ்வொன்றாய் வந்து ஒவ்வொன்றாய்ப் பின்னால் போயின. அந்த வெள்ளை ஓய்கிற இடத்தில் அவள் கை பிடியிலிருந்து நழுவிச் சட்டியின் மேல் விழுந்தது. புத்தளத்துச் சனம், ஹோர்ன் சத்தம் எதுவும் அவளை எழுப்பவில்லை. மதுரங்குளிச் சந்தி வளைவில் தலை சரிந்து அவர் தோள் பக்கம் வந்தது. தோளை அசைக்காமல், ட்ரெயிலரின் உள்பக்கச் சில்லு ரோட்டோரக் கல்லில் ஏறாமல், வளைவை அகல எடுத்துத் திருப்பினார்.

கனமூலையில் கமீலா கேற்றைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ஹயாத்து முகம்மது உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். இஞ்சினை நிறுத்தினால் கமறியா முழித்துவிடுவாள். அதை ஓட விட்டபடியே, வாசலில் அப்படியே இருந்தார்.