பேர் இருக்கிற இடம்

தேரடித் தெருவில், பாத்திரங்களுக்குப் பாலிஷ் போட்டுப் பேர் வெட்டித் தரும் கடையில் நிற்கிறேன். என் கையில் இருப்பது, நீர்மூழ்கிக் கப்பலில் ஆழம் காட்டும் கருவியிலிருந்து கழற்றிய பித்தளை வளையம். கடற்கரையில் காட்சிக்கு வைத்திருக்கும் அந்தப் பழைய கப்பலின் கருவிகளைச் சுத்தம் செய்வது என் வேலை.

"உள்பக்கம் கீறல் ஜாஸ்தி. சுத்தமா போயிடணும்," என்கிறேன்.

கடைக்காரர் சாந்தி உடனே பாலிஷ் மெஷினைப் போடவில்லை. குத்துவிளக்கோ குடமோ, முதலில் பேர் இருக்கிறதா என்று பார்ப்பாராம். புளியைத் தொட்டு மெதுவாகத் தேய்க்கிறார். பச்சைக் களிம்பு விலகுகிறது.

"கீறல் இல்ல சார், பேரு. ஆணியால எழுதியிருக்காங்க."

தாமஸ், பிஸ்வாஸ், கணேசன். ஒரு மாதமாக என் மேசையில் கிடந்த வளையம் இது. நான் படிக்கவே இல்லை.

"கடலுக்குள்ள போனவங்களா? பத்திரமா வந்துட்டாங்களா?"

"அந்தக் கப்பல்ல போன எல்லாரும் வந்துட்டாங்க."

"பேரு இருக்கிற எடத்துல மெஷின் வெக்க மாட்டேன். மத்த எடம் பண்ணித் தர்றேன்."

வேலை முடிந்ததும் எல்லோரிடமும் கேட்பதுபோல என்னிடமும் கேட்கிறார்:

"உங்க பேரு வெட்டணுமா சார்?"

"வேணாங்க. வெட்டுறதா இருந்தா, உங்க பேரைத்தான் வெட்டணும்."