மெடிக்கல் வாரம்

வருஷத்தில் ஒரு வாரம் எங்கள் வரிசை வீடுகளில் உப்பு இருக்காது. புனே பக்கத்து ஆகுர்டியில் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகள். பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். ஆண்கள் எல்லோரும் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரே கம்பெனிக்குப் போனார்கள். அங்கே வருஷா வருஷம் உடம்பைப் பரிசோதிப்பார்கள். அதற்கு முந்தின ஏழு நாளுக்கு எங்கள் பாஷையில் மெடிக்கல் வாரம் என்று பேர்.

ஊறுகாய் ஜாடி பரணேறும். கருவாடு காணாமல் போகும். பச்சைப் பூண்டு வாடை தெரு முழுக்கத் திரியும். எந்த வீட்டிலாவது பிரஷர் மாத்திரை இருந்தால், அட்டையைக் கத்தரித்து, பண்டிகைப் பலகாரம் மாதிரி வீடு வீடாகக் கொடுத்தனுப்புவார்கள்.

ரத்த அழுத்தம் என்று எழுதிவிட்டால், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பிலிருந்து பிடுங்கிப் பேக்கிங்கில் போடுவார்கள். பேக்கிங்கில் ஓவர்டைம் கிடையாது. ஓவர்டைம் இல்லாவிட்டால் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நோயைக் கண்டுபிடிக்க வந்த கருவியை ஏமாற்ற ஒரு தெருவே கூடி விரதம் இருந்தது என்றால், குற்றம் தெருவின் மேலா? தொண்ணூறுகளில் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. இப்போது வேறு கேள்வியே தோன்றுவதில்லை.

அப்பா ஒவ்வொரு வருஷமும் தேறினார். அன்று சாயங்காலம் அம்மா கருவாட்டுக் குழம்பு வைப்பாள். அப்பாவோடு வேலை பார்த்த பக்கத்து வீட்டு மாமா, வாசலில் இருந்தே குரல் கொடுப்பார்.

"என்ன மச்சான், பாஸா?"

"டாக்டரே அசந்துட்டான். குதிரை மாதிரி இருக்கேனாம்."

"குதிரைக்கு ஏதுய்யா இவ்வளவு தொப்பை?"

சிரிப்பார்கள். மறுநாள் காலையிலிருந்து மாத்திரை கிடையாது. மாத்திரை பரிசோதனைக்கு, உடம்புக்கு அல்ல.

நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அந்த வருஷமும் தேறிய கொஞ்ச நாளிலேயே, ஸ்டேஷன் மேம்பாலப் படியில் அப்பா விழுந்தார். வாயு என்று சொல்லி யாரோ சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பிழைத்தது அதிர்ஷ்டம்.

ஆஸ்பத்திரியில் எக்கோ ஸ்கேன் திரையில் அவருடைய இதயத்தைப் பார்த்தேன். சாம்பல் இருட்டுக்குள் ஒரு கைமுட்டி, திறக்க மனமில்லாமல் திறந்து, மூடிக்கொண்டிருந்தது. அழுத்தம் ஏறிய குழாய்களுக்குள் பல வருஷம் முக்கி முக்கி ரத்தத்தைத் தள்ளியதில் சுவர் தடித்துவிட்டது என்றார் டாக்டர், இந்தியில்.

"தடிச்சா பலந்தானே? கேளுடி" என்றாள் அம்மா.

கேட்டேன். இல்லையாம். மூட்டை தூக்குகிறவன் தோள் மாதிரி இல்லை இது. தடித்த சுவர் விறைத்துப்போகும், தளரத் தெரியாது. தளர்ந்தால்தான் உள்ளே ரத்தம் நிரம்பும், நிரம்பினால்தான் அடுத்த துடிப்புக்குத் தள்ள ஏதாவது இருக்கும். இன்னொன்றும் சொன்னார். இதயத்துக்கு என்றே தனி ரத்தக்குழாய்கள் உண்டு. இதயம் இறுகும்போது, தன் சுவருக்குள் ஓடும் அந்தச் சின்னக் குழாய்களையும் சேர்த்து நசுக்கிக்கொள்ளும். ஆகவே உடம்புக்கெல்லாம் படியளக்கிற இதயம், தன் பங்கை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு துடிப்புக்கு நடுவே, தளர்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓய்வில்தான் சோறு என்று நெஞ்சுக்குள்ளேயே ஒரு விதி இருக்கிறது. ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் நடுவில் அந்தச் சோற்றைப் பிடுங்கியது யார்? குதிரை என்று சொல்லி அனுப்பினார்களே, அவர்கள் வீட்டுக் குதிரையை இப்படித்தான் ஓட்டுவார்களா?

அதற்குப் பிறகு அப்பா வீட்டில். தினமும் மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது என்பது கட்டளை. ஒரு மாதத்து மாத்திரையை மொத்தமாக வாங்கி அலமாரியில் வைப்பேன். ஒரு சாயங்காலம் மாமா வந்தார், கேலி இல்லாமல்.

"மச்சான், அடுத்த வாரம் மெடிக்கல்."

அப்பா எழுந்து போய் ஒரு முழு அட்டையை எடுத்து நீட்டினார். நான் பின்னாலேயே ஓடி வாசலில் மாமாவை மறித்தேன்.

"மாமா, அது அப்பா உயிரு. குடுத்துடுங்க."

"ஒரு வாரத்துக்குத்தாம்மா. வாங்கிக் குடுத்துடுறேன்."

"வாங்கத் தெரியுதுல்ல? நீங்களே வாங்கி தினமும் போடுங்களேன். அப்பாவைப் பார்த்துமா புத்தி வரல?"

அவர் அட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். "தினமும் போட்டா நோயாளிம்மா. ஒரு வாரம் போட்டா ஃபிட். நோயாளிக்குப் பிரஸ் ஷாப்புல எடம் இல்ல."

வழியை விட்டேன். திட்ட வேண்டியது இவரை இல்லை. திட்ட வேண்டியவர்கள் எந்த வாசலிலும் வந்து நிற்பதில்லை.

உள்ளே வந்து அப்பாவிடம் கத்தினேன். "எதுக்குக் குடுத்தீங்க?"

"அவன் பொண்ணு காலேஜ்ல படிக்குது" என்றார், இரண்டு மூச்சில்.

சுவருக்கு அந்தப் பக்கம், மாமா வீட்டில், ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றும் சத்தம். அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். நான் அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.