உயிர் இருந்தால்

ராஜேஸ்வரி சிஸ்டர் இறந்த செய்தியை அவருடைய மகன் முருகேசன் தொலைபேசியில் சொன்னான். நான் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "டீச்சர், அம்மா பூட்டாங்க" என்றான். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஷேர் ஆட்டோவில் ஊர்ந்து ஊர்ந்து நான் திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தபோது, அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அந்த நர்சின் கையில் பிறந்தவர்கள் ஏராளம். இதைப் படிக்கும் உங்களிலும் சிலர் இருப்பீர்கள். பிரசவ வலியில் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று கத்தியவளிடம், "அவரு வந்து பெத்துக் குடுக்க மாட்டாரு, நீ முக்கும்மா" என்று அவர் அதட்டியதை உங்கள் வீட்டிலும் சொல்லிச் சிரித்திருப்பார்கள். நான் சொல்ல வேண்டியது சிரிப்பதற்கு உரியது அல்ல.

என் முதல் குழந்தையும் அவர் கைக்குத்தான் வந்தான். குறை மாதம். அழவில்லை. அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிழைக்காது என்று தோன்றும் கத்தோலிக்கக் குழந்தைக்கு, சாமியார் வரும்வரை காத்திராமல், அவர்களே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். கொடுப்பவர் எந்த மதமாக இருந்தாலும் அது செல்லும். உயிர் இருக்கிறதா என்பதே சந்தேகமானால், "உயிர் இருந்தால்" என்று தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகும் ராஜேஸ்வரி சிஸ்டர், என் மகனின் தலையில் தண்ணீர் ஊற்றி, "உயிர் இருந்தால், ஜோசப், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றார். படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் கான்வென்டில் படித்தவள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் கடவுளைக் காண மாட்டார்கள், மோட்சத்துக்கு வெளியே ஓர் இடத்தில் என்றென்றும் இருப்பார்கள் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். உயிர் போன பிறகு ஊற்றிய தண்ணீருக்குப் பலனில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

மறுநாள் பங்குச் சாமியாரும் சிஸ்டரிடம் அதையேதான் கேட்டார். குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் அடக்கம் செய்வதா, சுவருக்கு அந்தப் பக்கமா என்று அவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

"தண்ணி ஊத்தும்போது உயிர் இருந்துதாம்மா?"

"தெரியல சாமி."

"நெஞ்சுத் துடிப்பு?"

"எனக்குக் கேக்கல. கேக்கலன்னா இல்லன்னு சொல்லிட முடியாது. கையில சூடு இருந்துச்சு. அது புள்ள சூடா, அம்மா வவுத்து சூடா, தெரியல."

"சந்தேகத்தைப் பிள்ளைக்கே கொடுத்துடுவோம்" என்று சொல்லி, சாமியார் உள்ளேயே அடக்கம் செய்தார். அவருடைய சிக்கல் தீர்ந்தது. என்னுடையது தீரவில்லை.

சிஸ்டரை மீன் கடையில் பார்த்தால் கேட்பேன். என் மகளின் பிரசவத்துக்கு அவர் வந்தபோதும் கேட்டேன். ஒரு முறைகூட அவர் பதில் மாறவில்லை. பல ஆண்டுகள் கழித்து, மோட்சத்துக்கு வெளியே அப்படி ஓர் இடம் இருப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை, அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கலாம் என்று எங்கள் திருச்சபைப் பெரியவர்கள் சொன்னார்கள். ஆறுதலுக்குப் பதிலாக எனக்குக் கோபம் வந்தது. அன்று எனக்கு மதிப்பெண் போட்டவர்கள் எதைப் பார்த்துப் போட்டார்கள்? சிஸ்டரிடம் போய்ப் பொருமினேன்.

"மின்ன சொன்னவங்களும் போய்ப் பாக்கல, இப்ப சொல்றவங்களும் போய்ப் பாக்கல. வுடுங்க டீச்சர்."

"உங்கள் கோயிலில் என்ன சொல்கிறார்கள்?"

"அங்கயும் கேட்டுக்கினுதான் கீறேன். பூசாரி துன்னூறு குடுத்து அனுப்பிடறாரு."

என் கணவர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் பகுதியில் வேலை செய்தவர். நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தபோது, ஊசி போட சிஸ்டர்தான் வந்துகொண்டிருந்தார். இறந்த மகனைப் பற்றி என் கணவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவாச்சும் சொல்லு சிஸ்டர். பையன் உசுரோட இருந்தான்ல?"

நான் யாரிடமும் கெஞ்சியவள் அல்ல. அன்று கட்டிலின் தலைமாட்டில் நின்று, அவருக்குத் தெரியாமல் சிஸ்டரைப் பார்த்துக் கைகூப்பினேன். சிஸ்டர் அதைப் பார்த்தார்.

"தெரியாதுண்ணே."

"அடிப்பாவி, சாவப் போறவன்கிட்ட கூடவா?"

"சாவப் போறவருகிட்ட எப்டிண்ணே பொய் சொல்றது?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கியபின், "சரி வுடு. நானே போய்ப் பாத்துக்கறேன்" என்றார். அந்த வாரமே போய்விட்டார். அதன்பின் ஓராண்டு நான் சிஸ்டரோடு பேசவில்லை. அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தபோது வயிற்றில் புற்று முற்றியிருந்தது. மருமகளை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. செத்தப்புறம் ஒன்னியும் இல்லாம பூடுமா?"

"இருக்கிறது சிஸ்டர். நிச்சயமாக இருக்கிறது."

"பாத்தீங்களா?"

"இல்லை."

"அப்ப இன்னாத்துக்கு நிச்சயமா?" சிரிக்க முயன்றார், முடியவில்லை. "பயமா கீது டீச்சர். போவாதீங்க. குந்துங்க."

உட்கார்ந்தேன். அவர் கண் மூடி உறங்கும்வரை அப்படியே இருந்தேன்.

"இருந்தான்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் கணவருக்காகவாவது சொல்லியிருக்கலாம். இந்தக் குறையை நான் விடப்போவதில்லை. இதோடு இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. உயிர் உண்டா என்றே தெரியாத ஒரு பிள்ளைக்காக, தன்னுடையது அல்லாத ஒரு செபத்தை, ஒரு சொல் பிசகாமல் அவர் சொல்லி முடித்த குரல். தெரியவில்லை என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடவில்லை.

கல்லறைத் திருநாளன்று என் மகனுக்கும் கணவருக்கும் மெழுகுவத்தி ஏற்றும்போது, எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்ட சிஸ்டருக்கும் ஒன்று ஏற்றப் போகிறேன். அது அவருக்குப் போய்ச் சேருமா என்று கேட்டால், தெரியாது. ஏற்றுவேன்.