ஜோடி மாற்றும் விளக்கு

இது நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சூலெமா என்னிடம் சொன்னதை, நேரம் உட்பட, அப்படியே எழுதுகிறேன்.

புவெனஸ் அயர்ஸில் தரைக்குக் கீழே ஒரு பார். பெண்ணோடு பெண்ணும் ஆணோடு ஆணும் ஆட வருகிற இடம். கிழவி ஐடே நாற்பது வருஷத்துக்கு மேல் நடத்திவிட்டு, போன மாதம்தான் சூலெமாவிடம் சாவியைக் கொடுத்திருந்தாள். ஆடுமிடத்துக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. ராணுவ ஆட்சியில், வாசலில் போலீஸ் வந்தால் அது எரியும். உடனே ஜோடி மாற்றிக்கொள்வார்கள். ஆணுக்கு ஒரு பெண், பெண்ணுக்கு ஓர் ஆண். ஜோடியில்லாமல் மிஞ்சியவரைப் போலீஸ் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஐடே வைத்த கட்டுப்பாடு ஒன்று இன்றும் உண்டு: யார் விலாசத்தையும் யாருக்கும் சொல்லக் கூடாது.

அன்று வியாழன் ராத்திரி. 1.50க்குக் கடைசி ஆளும் போயாயிற்று. சூலெமாவோடு குடித்தனம் நடத்தும் இவானா கோட்டை மாட்டினாள்.

“ஏண்டி, அந்த பல்பு லேசா எரியுதோ?”

“ஒயரே இல்ல, எப்படி எரியும்? இன்னிக்கு எத்தனை கிளாஸ் உள்ள போச்சு?”

“போடி... சீக்கிரம் வீட்டுக்கு வா.”

சூலெமா தரையைத் துடைத்தாள். ஓர் இடம் மட்டும் காயவில்லை. துடைக்கத் துடைக்கப் பிசுபிசுத்தது. புளித்த வாடை. ‘எவளோ வாந்தியெடுத்துட்டுச் சொல்லாம போயிட்டா’ என்று திட்டிக்கொண்டே ப்ளீச்சை ஊற்றினாள்.

வாடை ஏறியது.

2.17. பல்பு எரிந்தது.

அவள் கைக்குள் ஒரு கை நுழைந்தது.

ஆண் கை. தண்ணீரில் ஊறிய தோல். பிடித்தால் தோல் மட்டும் வழுக்கி நகர்ந்தது... ஈரச்சட்டை அவள் கழுத்தில் ஒட்டியது. கறி அழுகிய ஃப்ரிட்ஜைத் திறந்ததுபோல் மூச்சு.

“ஆடும்மா. பாக்கறாங்க.”

சர்ர்க்... சர்ர்க்... தரையில் அவன் கால்கள் இழுபட்டன.

“விடு!”

“விட்டா என்னை ஏத்திருவாங்க.”

“யாரு நீ?”

“ஐடேயோட ஜோடி. அவ எங்க?”

கன்னத்தோடு கன்னம் வைத்தான். ஏதோ வழிந்தது. அவள் உதட்டுவரை.

“எங்க?”

சொல்லிவிட்டாள். தெரு, நம்பர், மாடி.

பல்பு அணைந்தது. 2.21.

அவள் இரண்டு முறை வாந்தியெடுத்தாள். பிறகுதான் தான் செய்தது உறைத்தது. ஓடினாள். ஐடேயின் கதவு திறந்து கிடந்தது. கிழவி துண்டால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நீதான் அனுப்பினியா?”

“யாரு அவன்?”

“ஒஸ்வால்டோ. எழுபத்தெட்டுல பல்பு எரிஞ்சப்ப எங்கிட்டதான் ஓடி வந்தான். பயத்துல சட்டையெல்லாம் வாந்தி. எனக்கு அருவருப்பா இருந்துச்சு. உதறிட்டு வேற ஒருத்தன் கையப் புடிச்சேன். அவனை ஏத்திட்டுப் போனாங்க. பொணம்கூடக் கிடைக்கல.”

“அதுக்கா விலாசம் சொல்லாதேன்னு எங்க வாயெல்லாம் கட்டினே? சீ!”

“நீ மட்டும் அவனைப் புடிச்சுக்கிட்டியாக்கும்?”

சூலெமா தன் உதட்டைப் புறங்கையால் துடைத்தாள்.

“இப்ப எங்க அவன்?”

“வேற ஜோடி காட்டினாத்தான் விடுவேன்னான்.”

“யாரைக் காட்டினே கிழவி?”

“எனக்கு உன் விலாசம்தான் தெரியும்.”

3.20. சூலெமா திரும்பியபோது வீட்டில் விளக்கு எரிந்தது. இவானா குழாயடியில் நின்று, பாத்திரம் தேய்க்கும் கம்பியால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிந்திருந்தது.

“வந்தானா?”

ஆமென்று தலையாட்டினாள்.

“எப்படிடி போனான்? யாரைக் காட்டினே?”

இவானா மறுபடி கம்பியால் தேய்க்க ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை முழுக்கத் தேய்த்தாள்.

சனிக்கிழமை காலை 8.05க்கு இவானாவின் தங்கை, தாய் வீட்டிலிருந்து போன் செய்தாள். சூலெமாதான் எடுத்தாள்.

“அக்காவைக் கூப்பிடு. நேத்து விடியக்காலையிலேருந்து அம்மா ரூம் கதவைத் திறக்கல. உள்ள ஆடற சத்தம் நிக்கவே இல்ல. கதவுக்கடியில என்னமோ வழியுது, நாத்தம் தாங்கல. தட்டினா, ‘பையன் பயந்து கிடக்கான், போங்கடி’ன்னு கத்தறா... எந்தப் பையன்?”