சென்னையில் இல்லாத தையல்காரி

நிலாணிக்கு நாற்பத்தொரு வயது. ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், எங்கள் மாடிக் கட்டடத்தில் எனக்கு இரண்டு கதவு தள்ளி இருக்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. கணவன் வினோதன் ட்ரக் ஓட்டுகிறவன். கிழமையில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டான். இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியுமென்று நான் நினைத்திருந்தது வேறு. யாரோ வேண்டாமென்று தானம் கொடுத்த உடுப்பை வாங்கிவந்து பிரித்து, பெற்ற தாய்கூட அடையாளம் காணாதபடி புதிதாகத் தைப்பாள்.

அவளோடு பழைய உடுப்புக் கடைக்குப் போவது பொறுமையைச் சோதிக்கிற வேலை. நான் பீங்கான்களைப் பார்த்து, புத்தகங்களைக் கிளறி, கால் கடுத்து நிற்பேன். அவள் இன்னும் முதல் வரிசையிலேயே நிற்பாள். விலைச் சீட்டைப் பார்ப்பதே இல்லை. முதலில் கக்கத்தைப் பார்ப்பாள். வியர்வை தின்ற துணியென்றால் திரும்பக் கொழுவிவிடுவாள். பிறகு உட்புறத்தைத் திருப்பி, தையலுக்குள் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று விரலால் அளப்பாள். ரெக்ஸ்டேல் பக்கத்துக் கடைகளில் பஞ்சாபிக்காரரின் கலியாண உடுப்புகள் வந்து விழும் என்பதால், இரண்டு பஸ் மாறியாவது அங்கே போவாள். எனக்குத்தான் இடுப்பு விட்டுப்போகும்.

எங்கள் சனம் பழைய வீடு வாங்கும், பழைய கார் வாங்கும், பழைய நகையை உருக்கிப் புதிதென்று போடும். உடுப்பு மட்டும் ஆகாது. அதுவும் நல்ல காரியத்துக்கென்றால் கேட்கவே வேண்டாம். நாலு வருடத்துக்கு முன் கோயிலில் நிலாணி உடுத்திருந்த பாவாடையை நாலைந்து பேர் சுற்றி நின்று புகழ்ந்தார்கள். அவள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஒருத்தி, "உந்தப் பழைய உடுப்புக் கடையளிலை தொங்கிறது முழுக்கச் செத்த ஆக்களின்ர. சில பேர் வெக்கமில்லாமல் வாங்கிப் போடினம்" என்றாள். நிலாணி சொல்லவந்ததை மாற்றிக்கொண்டாள். எங்கே எடுத்தது என்று கேட்டபோது, "சென்னையிலை ஒரு பிள்ளை தைச்சு அனுப்புறவ" என்றாள்.

அன்றோடு மாட்டிக்கொண்டாள். சென்னைப் பிள்ளையிடம் சொல்லித் தைப்பித்துத் தரும்படி ஒருவர் பின் ஒருவராய்க் கேட்டார்கள். இவளும் தைத்தாள். தைத்து முடித்த ஒவ்வொன்றிலும், புது உடுப்புக்கு வைக்கிறமாதிரி மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைப்பாள். "நான் தைச்சது புதுசுதானே அக்கா?" என்று என்னிடம் கேட்பாள். புதிதுதான் என்று சொல்வேன். ஆனால் புகழெல்லாம் சென்னைக்குப் போனது. "அந்தப் பிள்ளையின்ர கைவேலை இஞ்சை ஒருத்தருக்கும் வராது" என்று இவள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒருநாள் என் வீட்டுச் சோபாவில் இருந்து அழுதாள். "இல்லாதவளிலை எனக்குப் பொறாமையாய் இருக்கு அக்கா."

சலவை வேலையை விட்டுவிட்டுத் தையலோடு சீவிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அதற்கு முதல் 'நான்தான் தைத்தேன்' என்று நாலு பேர் முன்னால் சொல்லவேண்டும். அந்த இரண்டு சொல்தான் வாயில் வரவில்லை.

போன வைகாசியில் வினோதனின் தமக்கை கமலாம்பிகை, தன் மகள் அட்சயா பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்திய வீட்டுக்கு ஒரு லெஹெங்கா கேட்டாள். இடுப்பில் கிழிந்த சிவப்புக் கலியாணப் பாவாடை ஒன்றையும், இரண்டு பட்டுச் சேலைகளின் கரைகளையும் வைத்து மூன்று வாரம் தைத்தாள் நிலாணி. தைக்கத் தைக்க அவளுக்குப் பயம் பிடித்தது. சின்னப் பிள்ளையின் நல்ல காரியத்துக்குப் பழைய துணி. தாய்க்காவது சொல்லவேண்டும் என்று போனாள். அங்கே நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மச்சாள், உது சென்னையிலை தைச்சதில்லை. நான்தான்..."

கமலாம்பிகை தேத்தண்ணீரைக் கீழே வைக்கக்கூட இல்லை. "தெரியும். நீ ரெக்ஸ்டேலிலை பையளோடை பஸ்ஸுக்கு நிண்டதைக் கண்ட ஆக்கள் இருக்கினம்."

"பிறகேன் என்னட்டைக் கேட்டனீங்கள்?"

"வடிவாய் இருக்கும் எண்டுதான். ஆனா என்ர பிள்ளை உடுத்தது ஆரோ கழிச்சது எண்டு ஒரு சனம் அறியக்கூடாது. அறிஞ்சால் நீயும் தம்பியும் இந்த வீட்டுப் படி மிதிக்கேலாது."

கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வடிவு வேண்டும், தைத்தவள் வேண்டாம். இது என்ன நியாயம்?

விழா மண்டபத்தில் அட்சயா அந்த உடுப்போடு வந்தபோது சனம் வாய் பிளந்து பார்த்தது. ஸ்காபரோவில் உடுப்புக் கடை வைத்திருக்கும் சுபாங்கி அன்ரி கிட்டப் போய், பாவாடையின் ஓரத்தைப் புரட்டி உட்பக்கத் தையலைப் பார்த்தார். நேரே எங்களிடம் வந்தார்.

"நிலாணி, உது மெசின் வேலை இல்லை. முழுக்கக் கைத்தையல். இப்பிடி ஒரு ஆளைத்தான் நான் எத்தினை வருசமாய்த் தேடுறன். எங்கை இருந்தாலும் என்ர கடைக்கு எடுப்பன். ஆர் உவ?"

கமலாம்பிகை சந்தனத் தட்டோடு பக்கத்திலேயே நின்றாள். சிரித்த முகம், கண் மட்டும் நிலாணியிடம். நான் நிலாணியின் முழங்கையைக் கிள்ளினேன். சொல்லடி, சொல்லு. நானே சொல்லியிருக்கலாம். அந்தத் துணிவு எனக்கும் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"சென்னையிலை ஒரு பிள்ளை அன்ரி" என்றாள் நிலாணி.

"பேர்?"

நாலு வருடத்தில் யாரும் பெயர் கேட்டதில்லை. நிலாணியின் உதடு இரண்டு தரம் அசைந்தது.

"ஸ்ரீநிதி."

சுபாங்கி அன்ரி அதைப் போனில் குறித்துக்கொண்டார். "நம்பரை ஆறுதலாய் அனுப்பிவிடு. கெட்டிக்காரப் பிள்ளை. நல்லாய் இருக்கவேணும்" என்று வாழ்த்திவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் போனார்.

கமலாம்பிகை தட்டை நீட்டினாள். நிலாணி சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தாள்.

"நல்ல பேர்தான். இனி ஆர் கேட்டாலும் அதையே சொல்லு" என்றாள் கமலாம்பிகை.

"ஓம் மச்சாள்" என்றாள் நிலாணி.